நாலு எலுமிச்சம்பழமும் ஒரு ஸ்டீரிங்கும்

அத்தியாயம் 6

ஆல்டோ தன் தலைக்கு இரண்டு சைஸ் சிறிய ஹெல்மெட்டை மாட்டியிருந்தான். கன்னங்கள் பிதுங்கி, வாய் மீன் வாய் போலக் குவிந்துவிட்டது. கக்கத்தில் கோப்பை, கைகளில் ஸ்டீரிங், பல்லிடுக்கில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி. பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இதே மாதிரி வேஷச் சாமான்கள் கிடந்தன. ரசிகர்கள் வேண்டியதை எடுத்து மாட்டிக்கொண்டு, அட்டைக் காருக்கு முன்னால் நின்று, இலவசமாக ஒரு போலராய்டு படம் எடுத்துக்கொள்ளலாம்.

"ஸ்மைல், பாஸ்!" என்றான் பிலிப்பினோ போட்டோக்காரன்.

கொடியைக் கவ்விக்கொண்டு சிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆல்டோ சிரித்தான். படம் கேமராவின் வாய் வழியே வெளியே வந்தது. சாமான்களைப் பெட்டியில் போட்டுவிட்டு, படத்தை விசிறிக்கொண்டே ஓடி வந்தான்.

"எக்கா, ஓசிச் சாமானுக்கு என்னா கனம்ங்கிய! அமெரிக்காக்காரன் எதுலயும் குறை வைக்கமாட்டானாக்கும்."

அவன் 'எக்கா' என்று கூப்பிட்டது ஷம்சியாவை. கீழக்கரைக்காரி, நாற்பத்திரண்டு வயது, துபாய் டேராவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் துப்பறிவாளர். முழுகிய கப்பலோ, எரிந்த கம்பளக் கடையோ, நஷ்டம் என்று யார் எழுதிக் கொடுத்தாலும் அது நிஜமா என்று பார்ப்பது அவள் வேலை. கையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். எழுத மாட்டாள், மூடியைத் திறந்து திறந்து மூடுவாள். குளச்சல்காரன் ஆல்டோ அவளுடைய உதவியாளன். வண்டி ஓட்டுவது, படம் எடுப்பது, கேட்காத யோசனை சொல்வது ஆகிய மூன்றும் அவனுடைய டூட்டி. மூன்றாவதற்கு மட்டும் அவன் லீவே எடுத்ததில்லை.

"சட்டையில என்ன அது?" என்றாள்.

வெள்ளைச் சட்டையின் மார்பில், கை துடைத்த அகலத்துக்கு, மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை இருந்தது.

"கெச்சப்பும் கடுகும். வந்து அஞ்சு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள ஹாட் டாக்கா?" என்று அவளே முடிவும் கட்டிவிட்டாள்.

"எக்கா, நான்..."

"பேசாம வா. மணி பதினொண்ணு."

போகிற வழியில் ஹாட் டாக் கடை இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருக்க, 'ஜும்மாவுக்குப் பிறகு' என்று ஓர் அட்டை தொங்கியது. ஆல்டோ அதை ஏக்கத்தோடு பார்த்தபடி அவள் பின்னால் நடந்தான்.

உம் அல் குவைன் சாலையில் மணலை ஒதுக்கிப் புதிதாகப் போட்ட முட்டை வடிவ டிராக் அது. அமெரிக்காவிலிருந்து ஒரு ஸ்டாக் கார் கப்பலேறி வந்திருந்தது. வெளியே பார்த்தால் கடையில் விற்கிற சாதாரணக் கார் போலத்தான் இருக்கும். உள்ளே எஞ்சினும் இரும்புக் குழாயும் தவிர ஒன்றும் இருக்காது. சுற்றிச் சுற்றி இடது பக்கமே திரும்பும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷோ. ஆறாயிரம் டிக்கெட் போயிருந்தது. டயர் மாற்றும் போட்டி, கையெழுத்துப் போட்ட தொப்பி, புகை கிளப்பும் வித்தை என்று ரசிகர்களுக்கு ஏகப்பட்ட வேடிக்கைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிர்ஷ்டசாலி ரசிகர் ஒருவர் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போகலாம். டேராவில் டிக்கெட் விற்ற இடத்தில் வைத்திருந்த குலுக்கல் பெட்டியில் ஆல்டோ தன் பெயரைப் பதினோரு முறை எழுதிப் போட்டிருந்தான்.

இப்போது அந்த வண்டிக்கு ஸ்டீரிங் இல்லை.

"நேற்று ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்ததும் டிரைவர் ஸ்டீரிங்கைக் கழற்றிக் கூரைமேல் வைத்தார்," என்றார் மெக்கானிக்குகளின் தலைவர். ஆறடி உயரம், சிவப்புத் தொப்பி, தொப்பியைவிடச் சிவந்த மூக்கு. "இன்று காலை ஏழு மணிக்கு இல்லை. மாற்று ஸ்டீரிங் இருக்கும் பெட்டி இன்னும் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. நாலு மணிக்குள் கிடைக்காவிட்டால் ஷோ ரத்து. உங்கள் கம்பெனிதான் நஷ்ட ஈடு தர வேண்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதில் சதி இருக்கிறது, மேடம். நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ரப்பரை அரிக்கிற அமிலம்!"

ஷம்சியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சிரிப்பை அடக்க வேண்டியிருக்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள்.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்லை. ஆளைப் பிடித்தாயிற்று."

பிடித்து வைத்திருந்த ஆள் செக்யூரிட்டி கேபினில் ஒரு பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தான். அழகுமலை, உசிலம்பட்டிப் பக்கம். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்து லேபர் சப்ளை கம்பெனி அனுப்பிய நாற்பது பேரில் ஒருவன். வண்டி கழுவுவது அவன் வேலை. அவனுடைய பாஸ்போர்ட், அந்தக் கம்பெனியில் விசா வேலை பார்க்கும் பி.ஆர்.ஓ.வின் சட்டைப்பையில் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மணிக்குக் கம்பெனி பஸ் வரும்," என்றார் பி.ஆர்.ஓ. "நேரா ஏர்போர்ட். விசா கேன்சல், திரும்பி வரத் தடை. கலாஸ், முடிஞ்சுது."

அவரை வெளியே அனுப்பிவிட்டு ஷம்சியா அழகுமலைக்கு எதிரே உட்கார்ந்தாள். ஆல்டோ கதவருகே நின்றான்.

"எலுமிச்சம்பழம் யாரு வச்சது?"

"நாந்தேன் மேடம்," என்றான் அழகுமலை உடனே. "நேத்து ஆயுத பூசை. நம்ம கழுவுற வண்டி, சும்மா விட மனசு வரல. நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வச்சேன். அம்புட்டுத்தேன். காலையில வண்டியைத் தள்ளையில நசுங்குனா கண்ணு படாதுன்னு வச்சேன்."

"ஸ்டீரிங்?"

"நான் கழுவி முடிக்கையில கூரை மேல இல்ல. அவுகளே எடுத்துட்டுப் போயிட்டாகன்னு நெனச்சேன்."

"கழுவி முடிச்சதும் எங்க போனே?"

அழகுமலை தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். "பஸ்ல ஏறிக் கேம்புக்குப் போனேன்."

"மத்தவங்க?"

"தெரியாது மேடம்."

அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. ஷம்சியா பேனா மூடியைத் திறந்து மூடினாள்.

"மேடம்," என்றான் அவன் திடீரென்று. "வேலை போனாப் போகுது. வேற நாட்டுல கல்லுத் தூக்கிப் பொழைச்சுக்குவேன். ஆனா திருடன்னு சீல் குத்தி அனுப்புறாகளே, அதுதேன் தாங்க முடியல. ஏழு வருசத்துல ஒரு ஸ்பான்ஜ் கூட நான் ரூமுக்குக் கொண்டு போனதில்ல."

கேபினை விட்டு வெளியே வந்ததும் ஆல்டோ, "எக்கா, இவன் எடுத்திருக்கமாட்டான். எடுத்தவனுக்கு எலுமிச்சம்பழம் வைக்கத் தோணுமா?" என்றான்.

"அவன் எடுத்ததைப் பார்த்த சாட்சி ஒருத்தர் இருக்காரே."

சாட்சியின் பெயர் ரவிசங்கர். பொள்ளாச்சிக்காரர். டிராக்கின் பின்பக்கம் இருந்த சாமான் ஸ்டோருக்கு அவர்தான் சூப்பர்வைசர். ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டு, பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பாமல் கதவைத் திறக்க முடியாது.

"ஏனுங்க, என் ரண்டு கண்ணால பாத்தனுங்க," என்றார். "நேத்து ஏழு மணி இருக்கும். அந்த அழகுமலை காருக் கதவைத் தொறந்து உள்ள ஏறினானுங்க. வெளிய வரும்போது கையில வட்டமா ஏதோ இருந்துச்சுங்க."

"கதவைச் சாத்தின சத்தம் கேட்டுச்சா?" என்றாள் ஷம்சியா பணிவாக.

"டப்புனு கேட்டுச்சுங்க."

"ஏழு மணின்னா இருட்டியிருக்குமே. முகம் தெரிஞ்சுதா?"

"ஹெட்லைட்டு எரிஞ்சுதுங்களே! ரண்டும். கண்ணே கூசுச்சுங்க."

ஷம்சியா பேனாவைத் திறந்து, அதிசயமாக, எழுதினாள். பக்கத்தில் ஆல்டோவுக்குப் பயங்கரமாக இருமல் வந்தது. அவனை இழுத்துக்கொண்டு அவள் காரை நோக்கி நடந்தாள்.

காரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பாஸ் இல்லாமல் யாரும் கிட்டே போக முடியாது. ஆல்டோ பின்பாக்கெட்டில் இருந்து நாலு பக்கச் செய்தித்தாள் ஒன்றை எடுத்தான். டிக்கெட் விற்ற இடத்தில் ரசிகர்களுக்குச் சும்மா கொடுத்த செய்திமலர். காரில் வரும்போது அதை முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குச் சத்தமாகப் படித்து அவள் உயிரை எடுத்திருந்தான்.

"படிக்கட்டா? 'ஸ்டாக் கார் பற்றி உங்களுக்குத் தெரியுமா? ஒன்று: இதில் திறக்கிற கதவு கிடையாது. டிரைவர் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குவார். அதற்காகவே ஸ்டீரிங்கைக் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறார்கள். இரண்டு: முன்னால் தெரிகிற ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர்.'" குனிந்து ஹெட்லைட்டை நகத்தால் சுரண்டிக் காட்டினான். ஓரம் லேசாக உரிந்து வந்தது. "பாத்தியளா? இல்லாத கதவு டப்புனு சாத்திச்சாம், ஒட்டின ஸ்டிக்கரு கண்ணைக் கூசிச்சாம். எக்கா, கள்ளன் அவருதான். கேஸ் முடிஞ்சு. வாங்க, ஹாட் டாக் தின்னப் போவோம்."

"பொய் சொல்றவனெல்லாம் திருடன்னா உன்னை எப்பவோ உள்ள போட்டிருக்கணும்."

"பின்ன?"

"இந்தக் காரை அவர் கிட்ட வந்து பார்த்ததே இல்லை. அவ்வளவுதான் தெரியுது. கிட்டவே வராதவர் எப்படித் திருடுவார்? அவர் வேற எதையோ மறைக்கிறார். அதுக்கு மேல அழகுமலையைத் தூக்கிப் போட்டிருக்கார்."

சிரித்த முகமாகவே சொன்னாள். ஆனால் பேனா மூடியை அவள் மூடிய வேகத்தில் அது தெறித்து விழுந்தது. தான் தப்பிக்க அடுத்தவனை மாட்டிவிடுகிற ஆளை அவளுக்கு அறவே பிடிக்காது.

ஆல்டோ மூடியைத் தேடி எடுத்தான். இருவரும் ஸ்டோருக்குத் திரும்பி வந்தபோது பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. செக்யூரிட்டிக்காரர்கள் ஜும்மாத் தொழுகைக்குக் கிளம்பிப் போனார்கள். ரவிசங்கர் மட்டும் நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

ஸ்டோரின் வெளிச்சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தது. ஸ்பேனர், சுத்தியல், ரம்பம், கரணை என்று ஒவ்வொரு சாமானுக்கும் அதன் வடிவத்தையே பெயின்டில் வரைந்து ஆணி அடித்திருந்தார்கள். எது இல்லையென்றாலும் உடனே தெரிந்துவிடும். ஏழு இடம் காலியாக இருந்தது.

"ஆல்டோ, எதெது இல்லை?"

"ஒரு கரணை. ஒரு சுத்தியல். ஒரு ஸ்பேனரு. ஒரு ரம்பம். ஒரு டேப்பு. ஒரு டெஸ்டரு. ஒரு பிரஷ்ஷு." விரல் விட்டு எண்ணினான். "கூட்டுக் கொள்ளையாக்கும்."

"புது டிரில் மெஷின் அங்கேயே தொங்குது. அதை விட்டுட்டு எந்தத் திருடன் பிரஷ்ஷை எடுப்பான்? கொத்தனாருக்கு ஒண்ணு, தச்சனுக்கு ஒண்ணு, எலெக்ட்ரீஷியனுக்கு ஒண்ணுன்னு தொழிலுக்கு ஒண்ணா யாரு எடுப்பா?"

ஆல்டோ தலையைச் சொறிந்தான். ஷம்சியா தரையைக் காட்டினாள். பூட்டிய கதவின் அடியிலிருந்து எறும்புச் சாரி ஒன்று புறப்பட்டு, ரவிசங்கரின் நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டு போனது. ஒவ்வோர் எறும்பும் தன்னைவிடப் பெரிய வெள்ளைத் துணுக்கு ஒன்றைச் சுமந்துகொண்டு போனது.

"பொரி!" என்றான் ஆல்டோ.

"நேத்து ஆயுத பூஜை," என்றாள் ஷம்சியா. "சாரே, கொஞ்சம் எந்திரிங்க. சாவியைக் கொடுங்க."

"சாவி தொலஞ்சு போச்சுங்க," என்றார் ரவிசங்கர்.

"உங்க இடுப்புல தொங்குதே, அது?"

ரவிசங்கர் எழுந்தார். சாவியை உருவிக் கொடுத்தார்.

உள்ளே, பொறி பட்டாலே தீப்பிடிக்கிற பெயின்ட் தின்னர் டிரம்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால், ஒரு வெள்ளைத் துணிமேல், சரஸ்வதி படத்துக்கு முன்னால், ஏழு சாமான்களும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சமர்த்தாகப் படுத்திருந்தன. பொரி, கடலை, கறுத்துப் போன வாழைப்பழம், கற்பூரம் எரிந்த தட்டு எல்லாம் இருந்தன.

ஸ்டீரிங் மட்டும் இல்லை.

ஆனால் துணியின் நடுவில், சுற்றிலும் விபூதியும் குங்குமமும் சிந்திக் கிடக்க, ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்கு வட்டமான சுத்தமான இடம் இருந்தது. ஏதோ வட்டமான பொருள் அங்கே இருந்து, பிறகு எடுக்கப்பட்டிருக்கிறது.

ரவிசங்கர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தின்னரு டிரம்மு பக்கத்துல கற்பூரம் கொளுத்தினம்ங்க. தெரிஞ்சா நாப்பது பேரையும் ஒரே நாள்ல ஊருக்கு அனுப்பிச்சுருவாங்க. மொதல்ல என்னையத்தான். காலையில ஸ்டீரிங்கைக் காணோம்னு சத்தம் கேட்டதும், ஸ்டோரைத் தொறந்து பாப்பாங்களேன்னு பயந்து போயி... கடைசியா கார்கிட்ட இருந்தது அவந்தானுங்க. அதான் அப்படிச் சொல்லிப்போட்டனுங்க."

"அவனும் பூஜையைப் பத்தி வாயைத் திறக்கலை," என்றாள் ஷம்சியா. "திறந்திருந்தா அவன் தப்பிச்சிருப்பான், நீங்க மாட்டியிருப்பீங்க. ஏர்போர்ட்டுக்குப் போற நேரத்துலயும் உங்களைக் காட்டிக் கொடுக்கலை. நீங்க அவனுக்குச் செஞ்சதை யோசிச்சுப் பாருங்க."

ரவிசங்கர் சிந்திக் கிடந்த பொரியைக் கையால் கூட்டி ஒதுக்கினார்.

"ஸ்டீரிங் இங்க வந்தது எப்படி?"

"சாமி சத்தியமாத் தெரியாதுங்க. விளக்கு ஏத்தறப்ப பூ மாலைக்கடியில வட்டமா நடுவுல இருந்துச்சு. பழைய பஸ்ஸு ஸ்டீரிங்குனு எல்லாரும் நெனச்சமுங்க. சாமி இருக்கற எடம்னு ராத்திரி பூட்டாம விட்டனுங்க, காலையில வந்து பாத்தா இல்லைங்க."

ஆல்டோ அடைபட்ட காற்றில் வியர்த்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். நெற்றியில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. ஷம்சியா அதைப் பார்த்தாள். பிறகு அவன் சட்டையைப் பார்த்தாள்.

"ஆல்டோ, நீ ஹாட் டாக் எத்தனை மணிக்குத் தின்னே?"

"எங்கக்கா தின்னேன்? காலையில இருந்து அதைத்தானே சொல்ல வாறேன், பேச விட்டியளா? கடையே ஜும்மாவுக்குப் பொறவுதான் தொறக்கும்!"

அவள் அவன் வலது கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் மஞ்சளும் சிவப்பும் ரேகை ரேகையாக ஒட்டியிருந்தன. மூக்கருகே கொண்டு போனாள்.

"கெச்சப்பு சந்தன வாசம் அடிக்குமா?"

ஆல்டோ தன் கையைத் தானே மோந்து பார்த்தான். கண்கள் விரிந்தன.

"எக்கா, நான் எடுக்கல்ல! மாதா சத்தியமா!"

"நீ எடுக்கலை. தூக்கிப் பிடிச்சுப் படம்தான் எடுத்துக்கிட்டே. அந்தப் போலராய்டைக் காட்டு."

படத்தில், மீன் வாய்க்குக் கீழே, கட்டைவிரல்களுக்கு நடுவே, ஸ்டீரிங்கின் உச்சியில் ஒரு குங்குமப் பொட்டு தெளிவாகத் தெரிந்தது. காலையில் கோப்பையோடும் கொடியோடும் நின்றவனை அவள் தன் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'ஸ்டீரிங் கேஸுக்கு வந்த இடத்தில், ஸ்டீரிங் என் முன்னாலேயே போஸ் கொடுத்தது' என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சிரிப்பு அதிகமாக வந்தது.

ஓடினார்கள்.

அட்டைக் காருக்கு முன்னால் எகிப்துக் குடும்பம் ஒன்று நின்றது. தகப்பனார் ஸ்டீரிங்கைத் தொப்பை மேல் வைத்து இடதும் வலதுமாகத் திருப்பி, வாயால் எஞ்சின் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார். வரிசையில் இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். காலையில் இருந்து நானூறு பேராவது அதைப் பிடித்து முடித்திருப்பார்கள்.

"பாய், யல்லா, கொஞ்சம் இஞ்ச தாங்க," என்று ஆல்டோ பிடுங்கிக்கொண்டான். "ஒரிஜினல் இதாக்கும்!"

பின்புறம் இரும்புக் குழல், அதைக் காரில் மாட்டும் பூட்டு, வெல்வெட் மாதிரி தோல் உறை, உறையின் தையலுக்குள் இறங்கிய சந்தனம். பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் ஸ்டீரிங் ஒன்று சீண்டுவாரில்லாமல் கிடந்தது. கனமான நல்ல சாமான் இருக்கும்போது அதை யார் எடுப்பார்கள்? விளையாட்டுச் சாமான் பெட்டியை மெக்கானிக்குகள் யாரும் தேடிப் பார்க்கவே இல்லை.

"இதை இங்க கொண்டாந்து போட்டது யாரு?" என்றான் ஆல்டோ.

"அங்க பூஜைக்கு வச்ச சாமான்ல எந்தத் தொழில் இல்லை, சொல்லு."

"கொத்தன், தச்சன், எலெக்ட்ரீஷியன், பெயின்டர், ஃபிட்டர்..." ஆல்டோ நிறுத்தினான். "டிரைவர்!"

வாசலில் ஹாரன் கேட்டது. அழகுமலையை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப் போகக் கம்பெனி பஸ் வந்து நின்றது. மணி ஒன்றரை. பி.ஆர்.ஓ. எதிலும் அரை மணி முந்துகிற ஆள்.

டிரைவர் ஐயப்பன், அறந்தாங்கிக்காரன், கீழே குதித்தான். ஷம்சியாவின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"அம்மா, அதை அவங்க கிட்டயே சேர்த்துட்டேனே! அவங்க சாமான் பெட்டியிலதானே போட்டேன்!"

"எதுக்கு எடுத்தே?"

"பதினோரு வருஷமா ஸ்டீரிங்குதான் எனக்குச் சோறு போடுது. எல்லாரும் அவங்கவங்க ஆயுதத்தைப் பூஜையில வைப்பாங்க. நான் பஸ் ஸ்டீரிங்கைக் கழட்டவா முடியும்? வருஷா வருஷம் சாவியைத்தான் வைப்பேன். நேத்து ஆளுங்களை ஏத்த வந்தப்பப் பார்த்தா, காவலுக்கு யாரும் இல்லை, கழட்டின ஸ்டீரிங் ஒண்ணு கூரை மேல தனியா இருக்கு. சாமியே எனக்குன்னு கழட்டி வச்ச மாதிரி இருந்துச்சும்மா. ஒரு ராத்திரிதானேன்னு கொண்டு போய் வச்சேன்." டிரங்குப் பெட்டியைக் கையால் காட்டினான். "விடிகாலையில காரு கிட்ட வச்சிடலாம்னு எடுத்துட்டுப் போனேன். செக்யூரிட்டி நின்னான். இந்தப் பெட்டியில அவங்க கம்பெனி பேர் போட்டிருந்துச்சு. அவங்க டூல் பெட்டின்னு நெனச்சுப் போட்டுட்டு டிரிப்புக்குப் போயிட்டேன். இப்பத்தான் வர்றேன்."

"இப்ப இந்தப் பஸ்ல யாரை ஏத்திட்டுப் போக வந்திருக்கே, தெரியுமா?"

"யாரோ ஏர்போர்ட் பார்ட்டின்னாங்க."

ஷம்சியா கேபின் பக்கம் கையைக் காட்டினாள். இரண்டு செக்யூரிட்டிகளுக்கு நடுவே, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு, அழகுமலை வந்துகொண்டிருந்தான்.

ஐயப்பன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டான். அழகுமலைக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், "விடுண்ணே, சாமிக்குத்தானே எடுத்த," என்றான். அவ்வளவுதான். பிறகு ஸ்டோர் பக்கம் திரும்பி, ரவிசங்கர் வருவதைப் பார்த்தான். அவன் தாடை இறுகியது.

அடுத்த இருபது நிமிஷத்தில் ஷம்சியா மூன்று காரியங்களை முடித்தாள். முதலில் சிவப்புத் தொப்பியிடம் ஸ்டீரிங்கைக் கொடுத்து, 'பொருள் தவறுதலாக இடம் மாறி வைக்கப்பட்டது. திருட்டு இல்லை' என்று கையெழுத்து வாங்கினாள். அடுத்து ரவிசங்கரைப் பி.ஆர்.ஓ.வின் முன்னால் நிறுத்தி, தான் யாரையும் பார்க்கவில்லை, 'டப்'பென்ற கதவுச் சத்தம் உட்படச் சொன்னது எல்லாம் பொய் என்று அழகுமலையும் கேட்க எழுதித் தர வைத்தாள். கேன்சல் தாள் நாலாகக் கிழிந்து குப்பைத் தொட்டிக்குப் போனது. பாஸ்போர்ட் திரும்பக் கைக்கு வந்ததும் அழகுமலை அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, திரும்பி நின்று அழுதான். மூன்றாவதாக, தின்னர் டிரம்களை அன்றே வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னாள். கற்பூரத்தைப் பற்றி அவளுடைய ரிப்போர்ட்டில் ஒரு வரி இல்லை.

சிவப்புத் தொப்பி ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மஞ்சள், சிவப்புக் கறை என்ன?"

"கெச்சப், மஸ்டர்ட்," என்றாள் ஷம்சியா, கண்ணாடியைத் துடைத்தபடி. "உங்க ரசிகர்கள் கை கழுவுறதே இல்லை."

தொப்பி சந்தோஷத்தில் ஆல்டோவின் தோளைத் தட்டினார். "கண்டுபிடித்த கை இதுதானே? குலுக்கல் எல்லாம் வேண்டாம். பக்கத்துச் சீட்டு உனக்கு!"

ஆல்டோவின் வாய் திறந்தது. பதினோரு சீட்டு எழுதிப் போட்டவன். இப்போது சும்மா கிடைக்கிறது. அவன் காரைப் பார்த்தான். சட்டைக் கறையைப் பார்த்தான். பிறகு, பஸ் நிழலில் தனியாக நின்ற அழகுமலையைப் பார்த்தான்.

"எனக்கு இடது பக்கமே திரும்பினா தலை சுத்தும், சார்," என்றான். "அந்தா நிக்காரே, அவரை ஏத்துங்க." சொல்லிவிட்டு வேகமாக ஹாட் டாக் கடையைத் தேடிப் போய்விட்டான். ஷம்சியா அவனைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்ததும் அவனைப் பாராட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வந்ததும் மறந்துவிட்டாள்.

ஐந்து மணி. ஆறாயிரம் பேர் ஆரவாரம் செய்தார்கள். சிவப்பு அங்கியும் ஹெல்மெட்டுமாக அழகுமலை காருக்கு அருகில் வந்து நின்றான். டிரைவர் இடது ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, பொட்டு வைத்த ஸ்டீரிங்கைக் 'கிளிக்' என்று மாட்டினார். காரை வரிசைக்குத் தள்ளிவிட ஆள் தேவைப்பட்டதால் நாற்பது பேரையும் அழைத்திருந்தார்கள். அவர்களில் முதல் தடவையாகக் கயிறு தாண்டி உள்ளே வந்த ரவிசங்கரும் இருந்தார். கதவு இருக்க வேண்டிய இடத்தில் பெயின்டில் வரைந்த கோட்டை அவர் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழகுமலை ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினான்.

"சார்," என்றான், நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி. "நேத்து நான் ஒரு கதவைத் தொறந்தேன்னு சொன்னீகளே. டப்புனு சத்தம் கூடக் கேட்டுச்சாம்ல. அது எந்தக் கதவுன்னு காட்டுங்க. அது வழியாவே ஏறிக்கிறேன்."

ரவிசங்கர் மெல்ல முன்னால் வந்தார். வலது ஜன்னலுக்குக் கீழே ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் கோத்துப் படி மாதிரி பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே, "கால வைங்க," என்றார்.

அழகுமலை குனிந்து ஷூவைக் கழற்றி ஐயப்பனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலை அந்தக் கைகளில் வைத்து ஏறினான்.